கூட்டுத்தொகையும் அறிவும்: கல்லூரிக் கணித மதிப்பீட்டு முறை குறித்த மறுசிந்தனை – கடலூர், சிதம்பரம் வட்டாரக் கல்லூரிகளை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரிக் கணிதப் பாடங்களில் வழங்கப்படும் மதிப்பெண், மாணவர் எதனை அறிந்துள்ளார் என்பதை உரைப்பதில்லை. எவ்வளவு திரட்டினார் என்பதையே உரைக்கிறது. மதிப்பெண்களைக் கூட்டுவதாலும் சராசரி காண்பதாலும் நேரும் தகவல் இழப்பினை எளிய கணக்குகளின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. பல்கலைக்கழகப் பருவத் தேர்வினைப் பாட ஆசிரியர் மாற்றவியலாது. ஆயினும் அவர் கையில் விடப்பட்டுள்ள 25 அக மதிப்பெண்ணைத் திறன்கூறு அடிப்படையிலும் மறுவாய்ப்பு அடிப்படையிலும் திருத்தி அமைக்க இயலும். அதற்கான வழிமுறையும் அதன் இடர்களும் கடலூர், சிதம்பரம் வட்டாரக் கல்லூரிச் சூழலில் வைத்து ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கணிதக் கல்வி, அக மதிப்பீடு, திறன்கூறு மதிப்பீடு, மறுவாய்ப்பு, பின்னூட்டம், மெய்ப்பகுப்பாய்வு, அண்ணாமலைப் பல்கலைக்கழகம்

முன்னுரை

இளம் அறிவியல் கணித வகுப்பில் மெய்ப்பகுப்பாய்வுத் தாளை எழுதிய இரு மாணவர் 75-க்கு 38 மதிப்பெண் பெற்றுள்ளனர் எனக் கொள்வோம். தமிழகப் பல்கலைக்கழகங்களில் பரவலாகக் காணப்படும் வினாத்தாள் அமைப்பின்படி, இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தனுள் மூன்று என 20, 25, 30 சேர்ந்து 75 ஆகிறது. பாடத்திட்டத்தின் ஐந்து அலகுகளிலிருந்தும் வினாக்கள் சமமாக எடுக்கப்படுகின்றன. ஆகவே ஓர் அலகு முழுவதையும் கற்றவர்க்கு இரு குறுவினா, ஓர் இடைவினா, ஒரு நெடுவினா என 19 மதிப்பெண் கிட்டும். இரண்டே அலகுகளைக் கற்றவர் 38 பெறுவார். தேர்ச்சிக்கு வேண்டியது 40 விழுக்காடு, அதாவது 30.

முதல் மாணவர் இவ்வாறு முதல் இரண்டு அலகுகளை மட்டும் கற்றவர். சார்பின் தொடர்ச்சி என்றால் என்னவென்று அவர் அறியார். இரண்டாம் மாணவர் ஐந்து அலகுகளையும் அரைகுறையாகப் படித்து, குறுவினாக்களில் 12, இடைவினாக்களில் 13, நெடுவினாக்களில் 13 எனத் திரட்டியவர். ஒரு நிறுவலையேனும் அவர் முழுமையாக எழுதியிருக்க வேண்டியதில்லை. மதிப்பெண் பட்டியலில் இருவரும் ஒருவரே. அடுத்த பருவத்தில் சிக்கலெண் பகுப்பாய்வு கற்பிக்க வரும் ஆசிரியர்க்கு அப்பட்டியல் எதனையும் சொல்வதில்லை. முதல்வர்க்கு எதிலிருந்து தொடங்க வேண்டும், இரண்டாமவர்க்கு எதனைச் செப்பம் செய்ய வேண்டும் என்பன அவ்விருவரின் விடைத்தாள்களில் எழுதப்பட்டிருந்தன. கூட்டியபோது அவை அழிந்துவிட்டன.

மதிப்பெண்ணை ஒழித்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் வாதமன்று. முதுகலையில் 55 விழுக்காடு இல்லாத பொதுப்பிரிவு மாணவர் நெட், செட் தேர்வுகளை எழுத இயலாது என்ற நிலை இருக்கும்வரை, மதிப்பெண்ணைத் துறக்குமாறு மாணவரிடம் கூறுவது பொறுப்பற்ற செயலாகும். அம்மதிப்பெண் எவ்வாறு உருவாகிறது என்பதே இங்கு வினா.

இன்றைய அமைப்பு

1929-இல் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நெடுங்காலம் கல்லூரிகளை இணைத்துக்கொள்ளாத, உறைவிடத் தன்மை கொண்ட பல்கலைக்கழகமாகவே இயங்கியது. 2013-இல் அதன் நிருவாகம் அரசின் பொறுப்பிற்கு வந்தது. 2021-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்திற்குப் பின், அதுவரை வேலூர் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழிருந்த கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி வட்டாரக் கலை அறிவியல் கல்லூரிகள் இதனுடன் இணைந்தன. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி போன்ற இணைவுக் கல்லூரிகளில் வினாத்தாள் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் தம் வினாத்தாளைத் தாமே வகுத்துக்கொள்கின்றன. இவ்விரு வகையிலும் அக மதிப்பீட்டிற்கு 25, பருவத் தேர்விற்கு 75 என்ற பகுப்பே பெருவழக்கு.

பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட விருப்பத் தெரிவு அடிப்படையிலான தகுதிப்புள்ளி முறைக்கான நெறிமுறைகள் பத்துப் புள்ளி அளவுகோலை முன்வைத்தன. தலைசிறந்தது எனப் பொருள்படும் ‘ஓ’ தரத்திற்குப் பத்துப் புள்ளி, தேர்ச்சி மட்டும் எனப் பொருள்படும் ‘பி’ தரத்திற்கு நான்கு, தவறினால் சுழி. நடைமுறையில் நிகழ்ந்தது என்னவெனில், நூற்றுக்குப் பெற்ற மதிப்பெண்ணே எழுத்தாக மாறி, எழுத்தே புள்ளியாக மாறியது. பெயர் மாறியதேயன்றி அளக்கும் பொருள் மாறவில்லை. தேர்வுச் சீர்திருத்தமே பல்கலைக்கழகக் கல்வியில் முதன்மையாகச் செய்ய வேண்டிய பணி என்று இராதாகிருஷ்ணன் ஆணையம் 1949-இலேயே வற்புறுத்தியது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கற்றல் இலக்குகளை அளவுகோலாகக் கொண்ட தரமிடலுக்கு உயர்கல்வி நிறுவனங்கள் மாறவேண்டும் என்கிறது. இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் ஒரே பரிந்துரை மீண்டும் மீண்டும் எழுதப்பட வேண்டியிருந்தது என்பதை மட்டும் இங்குக் குறித்துச் செல்கிறோம்.

கூட்டல், சராசரி, இயல்நிலை வளைகோடு

கணித ஆசிரியர்கள் மாணவர்க்குக் கற்பிக்கும் எச்சரிக்கைகளைத் தம் மதிப்பெண் ஏட்டில் மறந்துவிடுகின்றனர். சராசரி ஒரு தரவுத் தொகுதியின் வரிசையைக் காட்டாது என்பது புள்ளியியலின் தொடக்கப்பாடம். ஒரு மாணவர் மூன்று அகத்தேர்வுகளில் பத்துக்கு 3, 6, 10 பெறுகிறார்; மற்றொருவர் 6, 6, 7 பெறுகிறார். இருவரின் கூட்டுத்தொகையும் 19, சராசரி 6.33. பருவத்தின் முடிவில் முதலாமவர் பாடத்தைக் கைவரப் பெற்றவர். ஆனால் அவர் ஆகஸ்டு மாதத்தில் அறியாதிருந்த குற்றத்திற்காக நவம்பரிலும் தண்டிக்கப்படுகிறார். மூன்றனுள் சிறந்த இரண்டினை எடுத்துக்கொள்ளும் வழக்கம் இக்குறையைச் சற்றே தணிக்கிறது. எனினும் எந்தக் கருத்தினைப் பின்னர்க் கற்றுக்கொண்டார் என்பதை அதுவும் சொல்வதில்லை.

அளவீட்டின் நம்பகத்தன்மையும் கருதத்தக்கது. கணித விடைக்கு இடும் மதிப்பெண் திருத்துவோரைச் சார்ந்ததன்று என்பது பொது நம்பிக்கை. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் ஆகிய இருவர் 1913-இல் ஒரே வடிவியல் விடைத்தாளின் படிகளை நூற்றுக்கு மேற்பட்ட கணித ஆசிரியர்களிடம் அளித்துத் திருத்தச் செய்தனர். நூற்றுக்கு முப்பதுக்கும் கீழிருந்து தொண்ணூறு வரை மதிப்பெண்கள் வந்தன. படிப்படியாக மதிப்பெண் பகிரும் விடைக்குறிப்பு இந்த விரிவைப் பெரிதும் குறைக்கும் என்பது உண்மையே. ஆனால் தவறான நிறுவலொன்றில் ‘தொடக்கத்திற்கு ஒன்று, சூத்திரத்திற்கு ஒன்று’ என்று பகிர்வதால் திருத்துவோர் ஒத்துப்போகின்றனரேயொழிய, மாணவர்க்கு அக்கருத்து விளங்கியதா என்ற வினா அப்படியே எஞ்சுகிறது.

2015 நெறிமுறைகள் இடமளிக்கும் ஒப்பீட்டுத் தரமிடல் பற்றியும் ஒரு சொல். வகுப்பு மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் அமையும் என்று கொண்டு, மேல் பகுதியினர்க்கு உயர்தரமும் கீழ்ப்பகுதியினர்க்குத் தாழ்தரமும் வழங்குவது அம்முறை. இயல்நிலைப் பரவல் எப்போது தோன்றும் என்பதைக் கணிதத் துறையினர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஒன்றையொன்று சாராத பல சிறு தற்செயல் விளைவுகளின் கூட்டில் அது தோன்றும். சேர்க்கையில் தெரிவு செய்யப்பட்டு, ஒரே ஆசிரியரிடம், ஒரே அறையில் பயிலும் நாற்பது பேர் அத்தகைய கூறு அல்லர். கல்வி என்பது நோக்கமுடைய செயல். அது வெற்றி பெற்றால் வளைகோடு சிதைந்தே தீர வேண்டும் என்று பெஞ்சமின் புளூம் 1968-இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். தேர்ச்சி நோக்கிய கற்றல் என்ற கருத்து அக்கட்டுரையிலிருந்து பரவியதே.

ஏட்டைப் படித்தவரும் வினாவைத் திறந்துவைத்தவரும்

இவ்வட்டாரத்திற்குக் கணித மதிப்பீட்டின் வரலாற்றில் தனியிடம் உண்டு. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்துள்ள திருக்கோவிலூர், கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தது. அங்குத் துணை ஆட்சியராக இருந்த வெ. இராமசுவாமி ஐயரைத் தேடி 1910-ஆம் ஆண்டு வாக்கில் சீனிவாச இராமானுஜன் சென்றார். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்து, கணிதம் அல்லாத பாடங்களில் தவறியதால் அதனை இழந்தவர் அவர். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பயின்று எழுதிய எஃப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. அவர் கேட்டது வருவாய்த் துறையில் ஓர் எழுத்தர் பணி. கையில் இருந்த சான்று, கணித முடிவுகள் நிறைந்த குறிப்பேடு ஒன்றே. இராமசுவாமி ஐயர் அக்குறிப்பேட்டைப் படித்தார். இத்தகைய ஆற்றலை வருவாய்த் துறையின் அடிப்படியில் வைத்து மழுங்கடிக்கத் தமக்கு மனமில்லை என்று கருதி, சென்னையிலுள்ள கணித அறிஞர்களிடம் அனுப்பிவைத்தார்.

இராமானுஜனை எடுத்துக்காட்டாக்குவதில் ஓர் இடர் உண்டு. மேதையின் வாழ்விலிருந்து வகுப்பறைக்கு விதி வகுக்க முடியாது. தேர்வில் தவறியோர் அனைவரும் இராமானுஜன்கள் அல்லர். இங்கு நம் கவனத்திற்குரியவர் இராமசுவாமி ஐயரே. தேர்வு முடிவினை ஒதுக்கிவைத்து, செய்த கணக்கினையே சான்றாகக் கொண்டு மதிப்பிட்டவர் அவர். 1907-இல் அவர் தோற்றுவித்த அமைப்பே பின்னர் இந்தியக் கணிதக் கழகமாயிற்று. அக்கழக இதழில் வினாக்களும் தீர்வுகளும் என்னும் பகுதி உண்டு. 1911-இல் இராமானுஜன் அதில் 289-ஆம் எண்ணிட்ட வினாவை வெளியிட்டார். ஒன்றினுள் ஒன்றாக முடிவின்றி அடுக்கப்பட்ட வர்க்கமூலங்களின் மதிப்பைக் கேட்ட அவ்வினா மாதக்கணக்கில் விடை வராமல் திறந்தே கிடந்தது. விடை 3. மூன்று மணி நேரத்தில் எழுதியாக வேண்டும் என்ற கெடு அங்கில்லை. பிழையான தீர்வை அனுப்பியவர் மீண்டும் அனுப்பத் தடையுமில்லை. இவ்விதழின் உடன்பிறப்பாக, மாணவரையும் கல்லூரி ஆசிரியரையும் கருதி 1933-இல் தொடங்கப்பட்ட ‘தி மேத்தமேட்டிக்ஸ் ஸ்டூடன்ட்’ இதழின் முதல் ஆசிரியர் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் அ. நரசிங்க ராவ். அதே துறையில் 1929 முதல் விரிவுரையாளராகப் பணியாற்றிய சு. சி. பிள்ளை, வாரிங் சிக்கலில் தம் புகழ்பெற்ற முடிவுகளை 1930-களில் இங்கிருந்தே எழுதினார்.

கணித அறிஞர்கள் தம்முள் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறைக்கும் அவர்கள் மாணவரை மதிப்பிடும் முறைக்கும் உள்ள இடைவெளி வியப்பிற்குரியது. இக்கட்டுரையைப் படிக்கும் ஆய்வாளர்கள் இதழ்களுக்கு அனுப்பும் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கலாம். மதிப்பாய்வாளர் நூற்றுக்கு 58 என்று எழுதித் திருப்பியனுப்புவதில்லை. இன்ன இடத்தில் வாதம் இடறுகிறது, திருத்தி அனுப்புக என்கிறார். திருத்தியபின் கட்டுரை ஏற்கப்பட்டால், முதல் வடிவின் குறையையும் இரண்டாம் வடிவின் நிறையையும் கூட்டி இரண்டால் வகுப்பாரும் இல்லை. நமக்கு நியாயமெனத் தோன்றும் இம்முறையை நம் மாணவர்க்கு மறுப்பதற்குப் பணிச்சுமை ஒரு காரணமாகலாம். கணிதவியல் சார்ந்த காரணம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை.

இதற்கும் முந்தைய உள்ளூர் மரபொன்று திண்ணைப் பள்ளி. எண்சுவடியின் ஒரு பகுதி மனத்தில் நிலைபெற்ற பின்னரே அடுத்த பகுதி தொடங்கும். சட்டாம்பிள்ளை நாள்தோறும் பாடம் கேட்பார். ஒருவர் நெல்லிலக்கத்தில் இருக்கையில் அவரையொத்த வயதினர் குழிமாற்றில் இருக்கலாம், வேகம் அவரவர்க்குரியது. அப்பள்ளியின் பிரம்பையும், அங்கு நுழையவே இயலாதிருந்த சாதியினரையும் மறந்து அதனைப் போற்றுதல் தகாது. முந்தையது கைவந்ததை உறுதிசெய்யாமல் அடுத்ததற்குச் செல்வதில்லை என்னும் ஒரு கூறு மட்டுமே நமக்கு வேண்டியது.

திறன்கூறு மதிப்பீடு: ஒரு விளக்கம்

அமெரிக்கக் கல்லூரிகளில் கடந்த சில பத்தாண்டுகளாக இக்கூறு பல பெயர்களில் பயிலப்படுகிறது. லிண்டா நில்சன் 2015-இல் எழுதிய நூல் விவரக்குறிப்பு அடிப்படையிலான தரமிடலை விளக்கியது. மிச்சிகன் மாநிலக் கணிதப் பேராசிரியர்களான டேவிட் கிளார்க், இராபர்ட் டால்பர்ட் 2023-இல் வெளியிட்ட நூல், இத்தகைய முறைகள் அனைத்திற்கும் அடிப்படையாக நான்கினைச் சுட்டுகிறது: தெளிவாக உரைக்கப்பட்ட தரம், பயன்தரும் பின்னூட்டம், முன்னேற்றத்தைக் காட்டும் குறியீடு, தண்டனையற்ற மறுவாய்ப்பு.

இதனை 25 அக மதிப்பெண்ணுக்குள் பொருத்துவது கடினமன்று. மெய்ப்பகுப்பாய்வுத் தாளைப் பத்துத் திறன்கூறுகளாகப் பகுப்போம். மீச்சிறு மேல்வரம்பினைக் கண்டு நிறுவுதல், தொடர்வரிசையின் எல்லையை வரையறையிலிருந்து நிறுவுதல், ஒருங்கல் சோதனைகளுள் தக்கதைத் தேர்தல், தொடர்ச்சியை வரையறையிலிருந்து நிறுவுதல், தொடர்ச்சியின்மையைக் காட்டுதல், இடைமதிப்புத் தேற்றத்தைப் பயன்படுத்துதல் என இவ்வாறு அமையும். ஒவ்வொரு கூறுக்கும் 2.5 மதிப்பெண். ஒவ்வொன்றும் வகுப்பிலேயே பத்து நிமிடத்தில் எழுதும் ஒரு வினாவால் சோதிக்கப்படும். முடிவு இரண்டே: ‘தேறியது’, ‘இன்னும் தேறவில்லை’. தேறாதவர் பருவத்திற்குள் வேறொரு வினாவின் வழி மீண்டும் முயலலாம். அதற்குமுன் தம் பிழை எதுவென்று ஓரிரு வரிகளில் எழுதித் தரவேண்டும். பின்னர்த் தேறினாலும் முழு 2.5.

ஓர் எடுத்துக்காட்டு இம்முறையின் தன்மையை விளக்கும். வர்க்கச் சார்பு ஒவ்வொரு புள்ளியிலும் தொடர்ச்சியுடையது என நிறுவுக என்பது வினா. மாணவர் வர்க்கங்களின் வேறுபாட்டைக் காரணிப்படுத்துகிறார். அது எப்சிலானைவிடச் சிறிதாக வேண்டும் என்கிறார். எனவே டெல்டா என்பது எப்சிலானை மாறியும் புள்ளியும் சேர்ந்த கூட்டுத்தொகையின் மட்டு மதிப்பால் வகுத்தது என முடிக்கிறார். இவ்வினா ஐந்து மதிப்பெண்ணுக்கு வந்திருந்தால் வரையறைக்கு ஒன்று, காரணிப்படுத்தலுக்கு ஒன்று, வடிவத்திற்கு ஒன்று என மூன்று கிடைத்திருக்கும். அறுபது விழுக்காடு, முதல் வகுப்பு! ஆனால் இவ்விடையில் உள்ள பிழை சில்லறைப் பிழையன்று. மாறியைக் கட்டுப்படுத்துவதற்காகவே டெல்டா தேர்ந்தெடுக்கப்படுகிறது. அம்மாறியைக் கொண்டே டெல்டாவை வரையறுத்தால் நிறுவல் முழுவதும் சரிகிறது. மாறாக, டெல்டா ஒன்றை மீறாது என முதலில் கட்டுப்படுத்திவிட்டால், அக்கூட்டுத்தொகையின் மட்டு மதிப்பு, புள்ளியின் மட்டு மதிப்பின் இருமடங்குடன் ஒன்றைக் கூட்டிய எண்ணைவிடச் சிறிதாகவே இருக்கும். அவ்வெண் மாறியைச் சாராதது; அதனால் எப்சிலானை வகுத்து, கிடைப்பதையும் ஒன்றையும் ஒப்பிட்டுச் சிறியதை டெல்டாவாகக் கொள்ளலாம்.

திறன்கூறு மதிப்பீட்டில் அந்த முதல் விடை ‘இன்னும் தேறவில்லை’. ஓரத்தில் ஒரு வரி: ‘டெல்டாவை நீங்கள் தேர்ந்த பிறகுதானே மாறி வருகிறது, வராத மாறியை வைத்து டெல்டாவை எப்படித் தேர்ந்தீர்கள்?’ கூட்டல் பிழையொன்றைச் செய்து, நிறுவலைச் சரியாக அமைத்த மற்றொரு மாணவர் தேறுகிறார். ஆகவே இம்முறையைச் சலுகை என்று கருதுவோர் அதனைத் தலைகீழாகப் புரிந்துகொள்கின்றனர். இதன் தேர்ச்சிக் கோடு நாற்பது விழுக்காட்டைவிட மிகக் கடுமையானது. நெகிழ்வது காலம் மட்டுமே.

எழுதிய வரியுடன் மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்ற வினா எழும. இஸ்ரேலியப் பள்ளிகளில் ஐந்து, ஆறாம் வகுப்பு மாணவரிடம் ரூத் பட்லர் நிகழ்த்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வு இதனை நேரடியாகச் சோதித்தது. கருத்துரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. கருத்துரையும் மதிப்பெண்ணும் சேர்த்துப் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போன்றே இருந்தனர். பள்ளிக் குழந்தைகளிடம் கண்டதைக் கல்லூரிக்கு அப்படியே பெயர்ப்பது சரியன்று. ஆனால் விடைத்தாளைப் பெற்றதும் நம் மாணவர் முதலில் புரட்டிப் பார்ப்பது எந்தப் பக்கத்தை என்பதை ஆசிரியர் அனைவரும் கண்டிருப்பர்.

மதிப்பீட்டின் மொழி

இவ்வட்டாரக் கல்லூரிகளில் மேல்நிலை வரை தமிழ்வழியில் பயின்றோர் கணிசமானோர். எல்லை, தொடர்ச்சி, வகைக்கெழு என்று கற்றவர்கள் கல்லூரியில் ஆங்கில நிறுவலை வரி பிறழாது மனனம் செய்கின்றனர். தேர்வு அவ்வரிகளின் இருப்பைச் சோதிக்கிறது. அவற்றின் பொருளைச் சோதிப்பதில்லை. மறுவாய்ப்பின்போது வாய்மொழி வினாவினைத் தமிழில் கேட்டால் உண்மை வெளிப்படும்.

இதற்குத் தமிழின் தொடரமைப்பே துணைசெய்கிறது. புள்ளிவாரித் தொடர்ச்சிக்கும் சீர்த் தொடர்ச்சிக்கும் உள்ள வேறுபாடு அளவுச்சொற்களின் வரிசையைச் சார்ந்தது. ஆங்கில வரையறையில் அது கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. ‘ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பேருந்து உண்டு’ என்பதற்கும் ‘எல்லா ஊருக்கும் பொதுவாக ஒரே பேருந்து உண்டு’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் புவனகிரியிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் வரும் மாணவர் உடனே அறிவர். காலையில் இரண்டாவது வகைப் பேருந்தில் நின்றுகொண்டு வந்தவர் இன்னும் நன்றாக அறிவார். எப்சிலான் ஒன்று தரப்பட்டபின், ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா. எல்லாப் புள்ளிக்கும் பொதுவான ஒரே டெல்டா. ‘பொதுவான’ என்ற ஒரு சொல்லில் சீர்த் தொடர்ச்சியின் உயிர் அடங்கியுள்ளது. இதனைத் தமிழில் கூறிய மாணவர்க்கு அக்கூறு விளங்கிவிட்டது. ஆங்கிலத்தில் எழுதுவது அதன்பின் பயிற்சியால் வரும்.

இடர்கள்

முதல் இடர் பணிச்சுமை. அறுபது மாணவர், பத்துக் கூறு என்றால் 600 சிறுவிடைகள். விடைக்கு மூன்று நிமிடமெனக் கொண்டால் 30 மணி நேரம். வழக்கமான மூன்று அகத்தேர்வுகளில் 180 விடைத்தாள்களைப் பத்து நிமிடத்திற்கு ஒன்றாகத் திருத்தினாலும் அதே 30 மணி நேரம்தான். கூடுதல் சுமை மறுவாய்ப்பினால் வருவது. மூன்றில் ஒரு பங்கு விடைகள் மீண்டும் எழுதப்படுமாயின் 10 மணி நேரம். புதிய வினாக்களை உருவாக்கும் உழைப்பு இதனுள் அடங்காது. வினாவங்கியைத் துறை ஆசிரியர்கள் சேர்ந்து தொகுத்தாலன்றி இம்முறை ஒரு பருவத்திற்குமேல் நீடிக்காது. மணிக்கணக்கு ஊதியத்தில் இரு கல்லூரிகளில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளரிடம் இந்தப் பத்து மணி நேரத்தைக் கேட்க நமக்கு உரிமை உண்டா என்பதும் எண்ணத்தக்கது. மறுவாய்ப்பு நேரத்தைக் கால அட்டவணையிலேயே வாரம் ஒரு பாடவேளையாக ஒதுக்குவதன்றி இதற்கு நேர்மையான தீர்வு வேறில்லை.

இரண்டாவது, அக மதிப்பெண்ணின் மேல் உள்ள ஐயம். எல்லார்க்கும் இருபதுக்கு மேல் வழங்கப்படுகிறது என்பது ஒரு குற்றச்சாட்டு. ஆசிரியர்க்கு வேண்டியவர்க்கே கிடைக்கிறது என்பது மற்றொன்று. இரண்டிற்கும் இடமளிப்பது, ஆதாரம் இல்லாத ஒற்றை எண்ணே. மாணவர் எண்ணும் கூறின் எண்ணும் கொண்ட கட்டப்பட்டியலில் எது எந்நாளில் தேறியது என்று குறிக்கப்பட்டிருந்தால், மாணவரே தம் வரிசையைச் சரிபார்க்கலாம். துறைத்தலைவர் கேட்டால் விடைத்தாளைக் காட்டலாம். வீட்டுப்பணிக்கு மதிப்பெண் வழங்குவதைவிட இது உறுதியானது. வகைக்கெழுச் சமன்பாட்டைப் படமெடுத்தால் தீர்வினைப் படிப்படியாகத் தரும் செயலிகள் மாணவர் கைப்பேசியில் உள்ளபோது, வீட்டுப்பணி ஏட்டிற்கு வழங்கும் ஐந்து மதிப்பெண் எதனை அளக்கிறது?

மூன்றாவதாக, 75 மதிப்பெண் பருவத் தேர்வு பழைய வடிவிலேயே இருக்கும். அக மதிப்பீட்டில் கூறுகளைக் கைவரப் பெற்ற மாணவர், மனனம் செய்தவரைவிடப் பருவத் தேர்வில் பின்தங்கக்கூடும் என்ற அச்சம் வீணன்று. கேம்பிரிட்ஜ் டிரைபாஸ் தேர்வில் 1898-இல் நான்காம் இடம் பெற்ற ஹார்டி, 1926-இல் ஆற்றிய தலைமையுரையில் அத்தேர்வினைத் திருத்த வேண்டா, ஒழிக்கவே வேண்டும் என்றார். தரவரிசைப்படி பெயர் வெளியிடும் வழக்கம் 1909-உடன் அங்கு நின்றுவிட்டபோதும் அவர்க்கு அது போதவில்லை. ஹார்டியின் துணிவு இணைவுக் கல்லூரி ஆசிரியர்க்கு வாய்க்காது. தன்னாட்சிக் கல்லூரியின் பாடத்திட்டக் குழு, நெடுவினாக்களுள் ஒன்றையேனும் நூலில் இல்லாத புதிய சார்பைப் பற்றியதாக அமைக்கலாம். அங்கிருந்து தொடங்குவதே இயலும்.

நான்காவதாக, இடரெனச் சொல்வதைவிட இம்முறையின் பக்கம் நிற்கும் காரணம் எனச் சொல்லத்தக்கது ஒன்று உண்டு. ஒற்றைப்படைப் பருவத்தின் இறுதி அகத்தேர்வும் வடகிழக்குப் பருவமழையும் கடலூர் மாவட்டத்தில் ஒரே வேளையில் வருகின்றன. 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்த தானே புயல், 2015 நவம்பர் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயலைத் தொடர்ந்து தென்பெண்ணையில் பெருகிய வெள்ளம் ஆகியவற்றை நினைவுகூர்ந்தால் போதும். இத்தகைய வாரத்தில் நடந்த தேர்வுக்கு வர இயலாத மாணவர்க்குச் சராசரி முறை சுழியை எழுதுகிறது. விண்ணப்பித்து, சான்று காட்டி, மறுதேர்வு பெறுவது அவர் பொறுப்பு. வீட்டினுள் தண்ணீர் புகுந்தமைக்குச் சான்றிதழ் யாரிடம் பெறுவது என்று கேட்கும் மாணவர்க்கு விடை கூறுவது எளிதன்று. திறன்கூறு முறையில் அக்கட்டம் வெறுமையாக இருக்கும்; சுழியாக இராது. பேருந்து மீண்டும் ஓடத் தொடங்கிய வாரத்தில், மறுவாய்ப்புப் பாடவேளையில், அவர் எவரிடமும் விண்ணப்பிக்காமல் அமர்ந்து எழுதுவார்.